சத்தமில்லாமல் வரும் வண்டி

1

எங்கள் கல்யாண நாளன்று பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, என் மகன் ஜெரின் கைபேசியில் ஒரு காரின் படத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். மின்சாரத்தில் ஓடும் கார். வாங்கப் போகிறானாம். பெட்ரோல் வேண்டாம், புகை கிடையாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "சத்தமும் இல்லப்பா, கொஞ்சம்கூட இல்ல" என்று முடித்தான். அதைத்தான் அவன் எல்லாவற்றிலும் பெரிய நன்மையாகச் சொன்னான். நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன்.

காரணம் சொல்கிறேன். என் மனைவி ஜெசிந்தாவுக்குக் கண் தெரியாது. பிறவியில் அப்படி இல்லை. கல்யாணமாகிக் குளச்சல் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்த புதிதில், தூரத்தில் வரும் வள்ளத்தைப் பார்த்தே அது யாருடையது என்று சொல்லிவிடுவாள். ஜெரின் பிறந்த பிறகு பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. பார்க்காத டாக்டர் இல்லை, போகாத கோயில் இல்லை. இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரியும். ரோட்டை அவள் காதால்தான் கடக்கிறாள்.

நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். கப்பலில் சமையல்காரனாக வந்து, நார்வே நாட்டின் மேற்குக் கரையில் ஒரு சின்னப் பட்டணத்தில் கரையேறி, இப்போது இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். காரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். காருக்கு முன்னால் நடந்து போகிறவளின் புருஷன். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

2

இங்கே நகராட்சியிலிருந்து, கண் தெரியாதவர்களுக்கு நடை பழக்குவதற்கு ஒரு அம்மாவை அனுப்பினார்கள். அந்த அம்மா ஜெசிந்தாவின் கையில் வெள்ளைக் கோலைக் கொடுத்து, ரோட்டோரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, நில், கேள், பிறகு காலை வை என்று நாள் கணக்கில் சொல்லிக் கொடுத்தாள். ஜெசிந்தா சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். எந்த வண்டி மேட்டில் ஏறுகிறது, எது திரும்பப் போகிறது, எது வேகத்தைக் குறைக்கிறது எல்லாம் அவளுக்கு எஞ்சின் சத்தத்திலேயே தெரியும். கோயிலுக்கும் ரொட்டிக்கடைக்கும் தனியாகப் போய் வருவாள். போய்வந்து ரொட்டிப் பையை மேசையில் வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கடலுக்குப் போய் மடி நிறைய மீனோடு வந்தவன் முகம் மாதிரி இருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் இந்தக் கரண்டு கார்கள் ஒன்றிரண்டாக ஊருக்குள் வரத் தொடங்கின. எனக்கு ஆரம்பத்திலிருந்தே இவற்றின்மேல் சந்தேகம்தான். வாங்குகிறவனுக்கு வரி தள்ளுபடி. பாலத்தில் சுங்கம் இல்லை. நிறுத்தி வைக்கக் காசு இல்லை. பஸ் மட்டும் போகிற பாதையில் இதுவும் போகலாம். குப்பை அள்ளுவதற்குக்கூடக் காசு வாங்குகிற அரசாங்கம், இதற்கு மட்டும் இப்படி வாரிக் கொடுக்கிறதென்றால் என்ன அர்த்தம்? இன்னொன்றும் இருக்கிறது. இந்த நாடு கடலுக்கு அடியிலிருந்து எண்ணெயை எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் விற்கிறது. விற்றுவிட்டுத் தான் மட்டும் கரண்டில் ஓடுகிறது. தெருவெல்லாம் மீன் விற்கிறவள் தன் வீட்டில் மட்டும் பருப்பு வைத்துச் சாப்பிட்டால், அவள் மீனைப் பற்றி நாம் என்ன நினைப்போம்?

ஜெரினிடம் இதைச் சொன்னேன். சிரித்தான். அவனுக்கு இப்போது தமிழ் தேடித்தான் வருகிறது. என்னோடு பேசும்போது பாதியில் அவர்கள் பாஷைக்குப் போய்விடுவான். காற்று கெடுகிறது, பனி உருகுகிறது என்று என்னவெல்லாமோ சொன்னான். காற்று கெடக்கூடாதுதான். எனக்கும் தெரியும். ஆனால் அவன் அம்மா ரோட்டோரத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் காலை வைக்கும்போது, பக்கத்தில் ஒரு கார் பூனை மாதிரி வந்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் கோல் அதன் முன்பக்கத்தில் தட்டியது. அப்போதுதான் அவளுக்கு அங்கே ஒரு கார் இருப்பதே தெரிந்தது. அந்த வாரம் அவள் ரொட்டிக்கடைக்குப் போகவில்லை.

நகராட்சிக்கு எழுதினேன். கண் தெரியாதவர்களுக்காக இந்தக் கார்களில் ஏதாவது சத்தம் வைக்க வேண்டும் என்று, எனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில், ஜெரினிடம் காட்டாமல் எழுதிப் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. உடல் குறை உள்ளவர்களுக்குக் கார் வாங்க உதவி செய்யும் பிரிவிலிருந்து. உங்கள் மனைவியின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறோம், அவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

ஜெசிந்தாவிடம் வாசித்துக் காட்டினேன். "இருக்குன்னு எழுதிப் போடுங்க" என்றாள். "நானே ஓட்டிக்கிடுதேன். அப்பம் எனக்கு முன்னால வண்டி வராதுல்லா."

3

அந்தப் பதிலைப் பார்த்த அன்றைக்கே நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். ஜெசிந்தாவை ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும். நம் ஊரில் சத்தமில்லாமல் வருகிற வண்டி ஏது? குளச்சல் பஸ்காரன் வளைவுக்கு முன்பே ஹாரனைப் பிடித்தால் பஸ் நிற்கிற இடம்வரை விடமாட்டான். மினி பஸ்ஸில் பாட்டு. மீன்காரர் பைக்கில் பூம் பூம் என்று அமுக்கிக்கொண்டே வருவார். டெம்போவுக்குச் சைலன்சர் இருக்கிறதா என்பதே சந்தேகம். கண் தெரியாத ஒருத்திக்கு இதைவிடப் பாதுகாப்பான ஊர் உலகத்தில் உண்டா என்று எண்ணினேன்.

என் தங்கச்சி ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, கோயில் பக்கத்தில் ஒரு வீடு வாடகைக்குப் பார்க்கச் சொன்னேன். ஸ்டெல்லாவின் புருஷன் மஸ்கட்டில். அவளும் மகள் ஷைனியும்தான் ஊரில். ஆனி மாதம் விடுமுறை போட்டு நானும் ஜெசிந்தாவும் போனோம். ஜெரின் வேலை இருக்கிறது என்று வரவில்லை. விமானத்தில் வைத்துத்தான் ஜெசிந்தாவிடம் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். நீ ஊரிலேயே இருந்துகொள், நான் இன்னும் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று. அவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு, தூங்குவது போல் சாய்ந்துவிட்டாள்.

ஊரில் அப்போது கரண்டு வெட்டு உச்சத்தில் இருந்தது. வரும், போகும். எப்போது வரும் என்று மின்சார வாரியக்காரனுக்கே தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் ஸ்டெல்லா மகளுக்கு ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தாள். லைசன்சு வேண்டாம், நம்பர் பிளேட்டு வேண்டாம், ட்யூஷனுக்குப் போக நல்லது என்று கடைக்காரன் சொன்னானாம். நடையில் நிறுத்தி, ஜன்னல் வழியாக வயர் இழுத்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கரண்டு வந்ததும் மற்ற வீடுகளில் மிக்ஸி ஓடும். ஸ்டெல்லா வீட்டில் முதலில் ஓடிப்போய் ஸ்கூட்டருக்குத்தான் சுவிட்சு போடுவார்கள். தேங்காய் அரைப்பதெல்லாம் பிறகு.

எனக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. கடல் கடந்து இங்கேயும் வந்துவிட்டதா என்று நினைத்தேன். ஆனால் மெதுவாகப் போகிற சின்ன வண்டி, ஓட்டுவதும் நம் வீட்டுப் பிள்ளை என்று விட்டுவிட்டேன்.

ஊரில் ஜெசிந்தா ராணி மாதிரி இருந்தாள். முற்றத்தில் கால் வைத்தால் போதும், பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள். கோயிலுக்கு ஒருத்தி, கடற்கரைக்கு ஒருத்தி. கொண்டு வந்த வெள்ளைக் கோல் கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். மாதாவே, நல்ல வழி காட்டினாய் என்று செபமாலையில் நன்றி சொன்னேன்.

4

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா பார்த்து வைத்த வீட்டைப் பார்க்க நான் போயிருந்தேன். வீட்டுக்காரரோடு மாடியில் நின்று, வாசலிலிருந்து கோயில்படிவரை எத்தனை திருப்பம் என்று கையை நீட்டி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, கீழே சிலுவை நட்ட குருசடி முக்கில் பெண்கள் கூடுவது தெரிந்தது. ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். அது ஸ்டெல்லா.

நான் இறங்கி ஓடினேன்.

ஜெசிந்தா குருசடி மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையை மடியில் வைத்து வலது கையால் தாங்கியிருந்தாள். மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது. கோல் ரோட்டில் கிடந்தது. அதற்கு அப்பால் ஸ்டெல்லா வீட்டு ஸ்கூட்டர் சரிந்து கிடந்தது. ஷைனி அதைத் தூக்கவும் தோன்றாமல் நின்றாள். நடந்ததை அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். மற்றவர்கள் அசந்த நேரம் பார்த்து ஜெசிந்தா கோலை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டிருக்கிறாள். குருசடிக்கு எதிரே நின்று, கேட்டு, ஒரு சத்தமும் இல்லை என்று காலை எடுத்து வைத்திருக்கிறாள். ட்யூஷன் முடிந்து வந்த ஷைனி, மாமி மதிலோரமாகவே நடப்பாள் என்று நினைத்து வந்திருக்கிறாள். பிரேக் பிடித்ததில் நனைந்த ரோட்டில் வண்டி வழுக்கிவிட்டது.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் நான் அந்த ஸ்கூட்டரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். இந்தச் சாதியே இப்படித்தான், சத்தம் காட்டாமல் வந்து ஆளைச் சாய்க்கிற சாதி என்று. ஷைனி அழுதுகொண்டே வந்தாள்.

படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கீறல் இருக்கிறது, மாவுக்கட்டு போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நம் ஊரில் சைக்கிள் ஓட்டுகிற பையன்கூட மணியை அடிக்காமல் முக்குத் திரும்பமாட்டான்.

"ஏம் மக்கா, அந்த வண்டியில ஹாரன் இல்லியா?" என்று ஷைனியிடம் கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லு மக்கா. மாமா அடிக்கமாட்டேன்."

"இருக்கு மாமா. அம்மா அடிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் மேலேயே பாய்ந்தாள். "பின்ன என்ன செய்யச் சொல்லுதிய அண்ணே? இங்க கரண்டு எப்பம் வருது, எப்பம் போவுதுன்னு நீங்களே பாத்தியல்லா. ஏறுறதே கொஞ்சம் சார்ஜு. அதையும் ஹாரன் அடிச்சுத் தீத்தா, பிள்ள பாதி வழியில வண்டியத் தள்ளிக்கிட்டு வரணும். லைட்டும் போடாதன்னுதான் சொல்லியிருக்கேன். இண்டிகேட்டரும் போடாதன்னு."

எனக்கு அடுத்திருந்த ஜெசிந்தாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். சிரிக்கிறாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"ஸ்டெல்லா, எனக்க கையி போனாலும் ஒனக்க சார்ஜு மிச்சமாச்சே" என்றாள்.

"மைனி, கொல்லாதிய" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா அவள் மடியில் விழுந்து அழுதாள்.

ஹாரன் அடிப்பதால் தீர்கிற சார்ஜ் ஒன்றுமே இல்லை, சமுத்திரத்தில் ஒரு கை அள்ளுவது மாதிரி என்று பிறகு போனில் ஜெரின் சொன்னான். ஊரில் பேட்டரி வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கும் தாய்தகப்பன்மாரும் இதை வாசித்தால் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். கரண்டை மிச்சம் பிடிக்க வீட்டில் ஆயிரம் வழி இருக்கிறது. ஹாரனில் பிடிக்காதீர்கள். பெட்ரோல் வண்டிக்கு வாய் தேவையில்லை, அதன் வயிறே சத்தம் போடும். இதற்கு வாய் மட்டும்தான் உண்டு.

5

மாவுக்கட்டு போட்டு முடித்து, பணம் கட்ட ஸ்டெல்லாவும் ஷைனியும் கீழே போனார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். காது பிளக்கிற சத்தம். டீசல் புகை பெஞ்சுவரை வந்தது.

ஜெசிந்தா என் காதருகே வாயைக் கொண்டுவந்து, "இப்பம் ஒங்களுக்குச் சந்தோசமா? நல்ல சத்தம்" என்றாள்.

வேடிக்கை பேசுகிற நேரமா இது என்று நான் கடிந்துகொண்டேன். இவ்வளவு தூரம் எதற்குத் தனியாகப் புறப்பட்டாய், கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்களே என்றேன்.

"அதுக்குத்தான் போனேன்" என்றாள். "இஞ்ச வந்த பெறவு எனக்க கையி எனக்க கையா இருக்கா? எந்திச்சா ஒருத்தி பிடிக்கா, இருந்தா ஒருத்தி பிடிக்கா. பாசம்தான், இல்லன்னு சொல்லல்ல. ஆனா அந்த வீட்ட எடுத்து என்ன இங்க இருத்தினியன்னா, நான் இனி சாவுறவரைக்கும் தனியா ஒரு முக்குத் திரும்பமாட்டேன்."

"அங்க மட்டும் என்ன? சத்தமில்லாம வந்து நின்னதே ஒரு நாள், மறந்துபோச்சா ஏட்டி?" என்றேன். ஜெனரேட்டர் இரைச்சலில் நான் கத்த வேண்டியிருந்தது. எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அவசரப்படாமல் சொன்னாள். "நின்னதுல்லா. அதத்தான் நானும் சொல்லுதேன். அங்க சத்தம் போடாம வந்து நிப்பானுவ. இங்க சத்தம் போட்டுட்டு நிக்காமப் போவானுவ. எனக்கு நிக்கியவன் போதும்."

"நிக்காதவன் ஒருத்தன் ஒரு நாள் வருவான்."

"வருவான். அதுக்குத்தான் நீங்க தெனமும் முட்டுப்போட்டுச் செபமால சொல்லுதிய. பின்ன யாருக்காக்கும் சொல்லுதிய, எனக்கா, கோழிக்கா?"

அவள் நல்ல கையால் என் முழங்காலைத் தொட்டு, "வீடு வேண்டாம்னு சொல்லீருங்க. நான் ஒங்ககூட வாறேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொன்னபோது வீட்டுக்காரரைவிட ஸ்டெல்லாதான் அதிகம் வருந்தினாள். தன்னால்தான் மைனி திரும்பிப் போகிறாள் என்று நினைத்தாள். அப்படி இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை. ஷைனி மட்டும் நாங்கள் இருந்த மிச்ச நாளெல்லாம் நடையை விட்டு இறங்கியதிலிருந்து ட்யூஷன் போய்ச் சேர்வதுவரை ஹாரனில் வைத்த விரலை எடுக்கவில்லை. கோழிகள்தான் பாவம்.

6

நாங்கள் திரும்பி வருவதற்குள் ஜெரின் காரை வாங்கிவிட்டிருந்தான். ஊரிலிருந்து ஒரு குப்பியில் கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளித்து மந்திரிக்கலாம் என்று, நம் ஊர் வழக்கப்படி முன்மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே எஞ்சின் இல்லை. சின்னப் பெட்டி ஒன்றும் ஏதோ வயரும் இருந்தன. எதன் மேல் தெளிப்பது? கரண்டில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? சக்கரங்களில் தெளித்துவிட்டு மூடச் சொல்லிவிட்டேன். எஞ்சின் இல்லாத ஒன்றைக் கார் என்று சொல்வதே எனக்கு இன்றுவரை ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. என் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எதையும் சும்மா கொடுக்காதவர்கள் இதை ஏன் கொடுக்கிறார்கள் என்பதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த மறு வாரம் ஒரு காலையில் ஜெசிந்தா கோட்டைப் போட்டுக்கொண்டு கோலை எடுத்தாள். ரொட்டிக்கடைக்கு என்றாள். நான் காலில் போடச் சப்பாத்தைத் தேடினேன். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். "நீங்க இரிங்க" என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஜன்னலிலிருந்து பார்த்தால் ரோட்டில் வெள்ளைக்கோடு போட்ட இடம் தெரியும். குளிருக்காக ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி. அதற்குள்ளிருந்து பார்த்தால் எல்லா வண்டியும் ஊமைதான், பெட்ரோலும் கரண்டும் ஒன்றுதான். நான் ஜன்னலைத் திறந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது.

ஜெசிந்தா வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். கோலை முன்னால் நீட்டி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். மேட்டிலிருந்து ஒரு கார் இறங்கி வந்தது. நான் காதைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அது கோட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அவள் அசையவில்லை. காரும் அசையவில்லை. ஹாரன் அடித்தால் அவளுக்குத் தெரியுமே, அடித்துத் தொலையேன் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவன் அடிக்கவில்லை. இன்னொரு கார் பின்னால் வந்து, அதுவும் நின்றது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கியவன் பாதியில் விட்டுவிட்டேன்.

அவள் காலை எடுத்து வைத்தாள். நடுவில் தயங்கவில்லை. அந்தக் கரையில் அவள் கோல் நடைபாதைக் கல்லைத் தொட்டு, அவள் ஏறி, கடைப்பக்கம் திரும்பும்வரை இரண்டு கார்களும் அப்படியே நின்றன.

அறைக்குள்ளிருந்து ஜெரின் வந்தான். "அப்பா, ஹீட்டர் ஓடுது. ஜன்னலைச் சாத்துங்க."

"அவ இன்னும் திரும்பி வரல்ல" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான். சாத்தவில்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் தலையை வெளியே நீட்டி, மேட்டுப் பக்கமாகத் தானும் காதைக் கொடுத்தான்.